இரவில் நோய் மிகுவது ஏன்?

தலைநகரில் அரசு ஊழியர் குடியிருப்புகளில் வாழ்வோர் நன்கு அறிந்த காட்சி ஒன்று உண்டு. நள்ளிரவு கடந்து இரண்டு மணி இருக்கும். எதிர்வரிசையில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். குழந்தை இருமும் ஒலியோ, வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் ஒலியோ கேட்கும். காலையில் அவ்வீட்டாரைப் படிக்கட்டில் கண்டு விசாரித்தால், "ராத்திரி பூராவும் தூக்கமில்லை, இப்போது தேவலை" என்பார்கள். தேவலையாகிவிட்டபடியால் தகப்பனார் அலுவலகத்துக்குப் போய்விடுவார். குழந்தையும் பள்ளிக்குப் போய்விடும். அன்றிரவு அதே வீட்டில் அதே விளக்கு மீண்டும் எரியும்.

பகலெல்லாம் அடங்கிக் கிடக்கும் நோய் இரவில் தலைதூக்குவது ஏன்? பனி இறங்குவதால் என்பார் சிலர். குளிர்ந்த காற்று என்பார் சிலர். இரவின் தனிமையில் மனம் எல்லாவற்றையும் பெரிதுபடுத்திக் காட்டுகிறது என்பார் வேறு சிலர். இவை யாவும் முற்றிலும் பொய்யல்ல. ஆயினும் உண்மை இவற்றினும் விரிவானது. அதை அறிந்துகொள்வது வெறும் ஆவலைத் தணிப்பதற்காக மட்டுமன்று. அறியாமையினால் நமது இல்லத்தில் நேர்ந்த பிழை ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது அத்தை தஞ்சை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து நம்முடன் தங்கியிருக்க டில்லிக்கு வந்தார். எழுபதைக் கடந்தவர். வந்த மூன்றாம் மாதத்தில், "ராத்திரியில படுக்க முடியலப்பா" என்று சொல்லத் தொடங்கினார். மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவருக்குத் தமிழ் தெரியாது. அத்தைக்கு இந்தி தெரியாது. மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நாம் இடையில் அமர்ந்து, "இவர்களுக்கு இரவில் தூக்கம் வருவதில்லை" என்று தயங்காமல் எடுத்துரைத்தோம். காலை பத்து மணிக்கு அத்தை தெளிவாகவே இருந்தார். மூச்சு சீராக வந்தது. மருத்துவர் உறக்கத்துக்குச் சில யோசனைகளும் மாத்திரையும் கூறி அனுப்பினார். நாம் சொன்னதற்கேற்ற மருந்து அது, அவர்மீது குறையில்லை. குறை நம்முடைய மொழிபெயர்ப்பில் இருந்தது. அது எவ்வாறு என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்று சொன்னால் முன்னோர் அதை உவமை என்றே கொண்டிருப்பர். 1729-ஆம் ஆண்டில் தெ மைரான் என்னும் பிரெஞ்சு வானியலறிஞர், தொட்டாற்சுருங்கி போன்ற ஒரு செடியை வெளிச்சமே புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். பகல் இரவு தெரியாத அந்த இருட்டிலும், பகற்பொழுதில் அதன் இலைகள் விரிந்தன, இரவுப்பொழுதில் குவிந்தன. நேரத்தை அறிவிக்கும் ஏதோ ஒன்று செடிக்குள்ளேயே இருந்தது. மனிதனுக்கும் அத்தகைய கடிகாரம் உண்டு. இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் மூளையின் அடிப்புறத்தில் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பணுக்களாலான சிறு திரள் ஒன்று இருக்கிறது. உடலெங்குமுள்ள அணுக்களின் சிறு கடிகாரங்களுக்கு அதுவே தலைமைக் கடிகாரம். அணுவுக்குள் இக்கடிகாரம் இயங்கும் முறையைப் பழ ஈக்களைக் கொண்டு கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் அமெரிக்க அறிஞர் மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கடிகாரம் செய்யும் வேலைகளுள் நமக்கு இங்கு வேண்டியவை சிலவே. உடலின் வெப்பம் விடியற்காலைக்குச் சற்று முன் மிகக் குறைந்தும், பிற்பகலின் கடைசியில் மிக உயர்ந்தும் இருக்கும். வீக்கத்தையும் அழற்சியையும் அடக்கும் 'கார்ட்டிசால்' என்னும் சுரப்பு, நள்ளிரவையொட்டி மிகக் குறைவாயிருந்து, விழிக்கும் வேளையில் உச்சத்தை எட்டும். மூச்சுக் குழாய்களை விரித்து வைக்கும் அட்ரினலின் இரவில் குறையும். அவற்றைச் சுருக்கும் நரம்பின் கை ஓங்கும். நலமுள்ளவருக்கும் பின்னிரவில் மூச்சுக் குழாய் சற்றே ஒடுங்கத்தான் செய்கிறது. அதை அவர் உணர்வதில்லை. ஏற்கெனவே குழாய் புண்பட்டு வீங்கியிருக்கும் ஆஸ்துமா நோயாளிக்கோ, அச்சிறு ஒடுக்கமே மூச்சை முட்டவைக்கப் போதுமானதாகிவிடுகிறது. பின்னிரவில் நான்கு மணிக்கு இழுப்பு மிகுவதன் காரணம் இதுவே.

இதனை முதலிலேயே கூர்ந்து கண்டவர்களுள் ஒருவர் ஜான் ஃப்ளாயர் என்னும் ஆங்கில மருத்துவர். அவரே இழுப்பு நோயால் துன்புற்றவர். 1698-இல் அந்நோயைப் பற்றி ஒரு நூல் எழுதி, முதல் உறக்கத்துக்குப் பின் இரவிலேயே அது தம்மைத் தாக்குவதைக் குறித்துவைத்தார். நாடித் துடிப்பை எண்ணுவதற்கென்றே ஒரு நிமிடம் ஓடும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்தவரும் அவரே. நோயையும் நேரத்தையும் இணைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் ஓர் ஐயம் எழலாம். இரவில் படுக்கிறோம், உறங்குகிறோம், அறையைச் சாத்திக்கொள்கிறோம். இவற்றால் இழுப்பு மிகுகிறதேயன்றி உள்ளிருக்கும் கடிகாரத்தால்தான் என்று எவ்வாறு துணிவது? அமெரிக்க ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இதற்கு விடை தந்தது. ஆஸ்துமா உள்ள 17 பேரை மங்கிய வெளிச்சத்தில் 38 மணி நேரம் உறங்கவிடாமல், ஒரே நிலையில் இருக்கச்செய்து, இரண்டு மணிக்கொருமுறை ஒரே அளவு சிற்றுணவு தந்து சோதித்தனர். பின்னர் ஒரு நாளை 28 மணி நேரமாக்கி ஒரு வாரம் வாழச்செய்தும் பார்த்தனர். உறக்கமும் படுக்கையும் உணவும் ஒதுக்கப்பட்ட பின்னரும், உட்கடிகாரத்தின் இரவு நேரத்தில் மூச்சின் வலிமை குன்றவே செய்தது. உறக்கமும் தன் பங்குக்கு அதைக் குறைத்தது. அவர்கள் உடனடி நிவாரண மருந்தை உள்ளிழுக்க நேர்ந்ததும் உட்கடிகாரத்தின் இரவிலேயே. பகலினும் நான்கு மடங்கு மிகுதியாக.

எனவே, காலையில் இழுப்பு விட்டுவிட்டது என்றால் நோய் குணமாகிவிட்டது என்று பொருளன்று. கடிகாரம் சுற்றி வந்து சாதகமான மணியில் நிற்கிறது, அவ்வளவே. நம்மில் பலர் மருத்துவரைக் காண்பதோ அந்தச் சாதகமான மணியில்தான். நோயாளி மிக நன்றாக இருக்கும் வேளையிலேயே மருத்துவர் அவரைப் பார்க்கிறார். இரவின் செய்தியை நாம் எடுத்துச் சொன்னாலன்றி அவர் அறிய வழியில்லை. கடந்த 4 வாரங்களில் ஒருநாளேனும் இழுப்பினால் இரவில் விழிக்க நேர்ந்திருந்தால், அந்நோய் இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்றே இன்றைய மருத்துவ நெறி கொள்கிறது. மருந்தை மாற்றவோ கூட்டவோ அந்த ஒரு தகவலே காரணமாகலாம்.

காய்ச்சலின் கதையும் இத்தகையதே. நலமுள்ளவரின் உடல் வெப்பமும் காலை 6 மணிக்கு 98.9 பாகை வரையிலும், மாலை 4 மணிக்கு 99.9 பாகை வரையிலும் இருக்கக்கூடும் என்று 1992-இல் வெளியான ஓர் அளவீடு காட்டியது. இந்த ஏற்றத்தின்மேல் நோயின் வெப்பமும் ஏறிக்கொள்வதால், மாலையில் காய்ச்சல் மிகுகிறது. காலையில் விட்டதுபோல் தோன்றுகிறது. பின்னர் உடல் தன் வெப்பத்தை இறக்க முற்படும் பின்னிரவில் வியர்வை பெருகித் தலையணை நனைகிறது. மும்பையின் நெருக்கமான அறைகளில் ஐந்தாறு பேராகத் தங்கி உழைக்கும் நம் இளைஞர்கள் இதை முக்கியமாக அறிந்திருத்தல் வேண்டும். மாலைதோறும் இளங்காய்ச்சல், இரவில் வியர்வை, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், உடல் மெலிவு: இவை சேர்ந்து வந்தால் காசநோய் இருக்கலாம். காலையில் வெப்பமானி சரியான அளவைக் காட்டுவதால் அந்த ஐயம் நீங்கிவிடாது. சளியைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அச்சோதனைக்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை. பிற மாநிலத்தவர் என்பதால் மறுக்கப்படுவதும் இல்லை.

இரவில்தான் பிடிபடும் நோய் என்றால் யானைக்கால் நோயைச் சொல்லலாம். 1872-இல் கல்கத்தாவில் திமதி லூயிஸ் என்னும் மருத்துவர் மனித இரத்தத்தில் இந்நோயின் நுண்புழுக்களைக் கண்டார். சில ஆண்டுகளுக்குப்பின் சீனத்தில் பணியாற்றிய பாட்ரிக் மான்சன், அப்புழுக்கள் பகலில் நுரையீரல் போன்ற உட்பகுதிகளில் ஒதுங்கியிருந்து, இரவில் மேற்புற இரத்தத்துக்கு வந்து திரிகின்றன என்பதைக் கண்டறிந்தார். அவற்றைப் பரப்பும் கொசு கடிப்பதும் இரவில்தான் அன்றோ! இதனாலேயே நம் நாட்டில் சுகாதார ஊழியர்கள் இரவு வேளையில் வீடு வீடாகச் சென்று விரல்நுனியில் இரத்தம் எடுத்தனர். தூக்கத்தைக் கலைத்து ஊசி குத்துகிறார்களே என்று சிறுவயதில் முணுமுணுத்தவர்கள் காரணம் தெரியாமல் முணுமுணுத்திருக்கிறார்கள்.

இனிப் படுக்கையைப் பற்றிப் பேசுவோம். நிற்கும்போதும் அமரும்போதும் உடலின் நீர்மங்கள் கீழ்நோக்கி இருக்கின்றன. படுத்ததும் அந்த ஒழுங்கு மாறிவிடுகிறது. மூக்கின் பின்புறத்துச் சளி தொண்டையில் வழிந்து இருமலைத் தூண்டுகிறது. பல்லின் வேரில் புண் இருந்தால், தலைக்கு இரத்தம் மிகுந்து பாய்வதால் அது விண்விண்ணென்று தெறிக்கிறது. இரைப்பையின் புளிப்பு நீர் மேலே ஏறி நெஞ்சை எரிக்கிறது; உறக்கத்தில் உமிழ்நீர் ஊறுவதும் விழுங்குவதும் குறைந்துவிடுவதால் ஏறிய புளிப்பு இறங்காமல் தங்கிவிடுகிறது. அலுவலகம் முடிந்து நெடுந்தூரம் பயணம் செய்து இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுக்கும் பெருநகர வாழ்க்கை இதற்கு ஏற்ற விளைநிலம். உணவுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேரம் விடுவதும், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே 6 முதல் 8 அங்குல உயரமுள்ள கட்டை வைப்பதும், இடப்புறம் ஒருக்களித்துப் படுப்பதும் நல்ல பயன் தரும். தலையணைகளை மட்டும் அடுக்கினால் வயிறு மடிந்து எரிச்சல் மிகுவதும் உண்டு.

படுக்கையறையும் நோய்க்குத் துணைபோவதுண்டு. மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் வாழ்கின்றன. அவற்றின் கழிவு இழுப்பைத் தூண்டும். கடலோரத்து மும்பையிலும் கல்கத்தாவிலும் காற்றின் ஈரம் அவற்றுக்கு உகந்தது. டில்லியிலோ, ஓராண்டு முழுதும் பெட்டியில் கிடந்த ரஜாயைக் கார்த்திகை பிறந்ததும் எடுத்து உதறி அப்படியே போர்த்திக்கொள்கிறோம். வெயிலில் காயவைத்து, உறையை வெந்நீரில் துவைத்தபின் போர்த்திக்கொள்வது நலம். குளிர்கால இரவில் வடநாட்டின் காற்று தரையோடு தங்கிவிடுவதால் புகையும் தூசியும் மேலெழ முடியாமல் நம் மூச்சு மட்டத்திலேயே அடர்கின்றன. விடியற்காலை நடையை அந்த மாதங்களில் சற்று வெயில் ஏறியபின் வைத்துக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையை விட்டுவிடலாகாது. குளிருக்காகக் கரி அடுப்பான அங்கீட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி உறங்கும் வழக்கத்தை நம்மவரும் இங்குள்ளோரைக் கண்டு கைக்கொள்கிறார்கள். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரவில் அறையிலிருக்கும் எல்லோருக்கும் ஒருசேரத் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே வந்ததும் தணிந்தால் அஃது அஜீரணமன்று. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் குடும்பங்களே உறக்கத்தில் இறந்துபோன செய்திகளை நாளிதழ்களில் காண்கிறோம்.

சில நோய்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இரவில் வீட்டிலுள்ள பலருக்கும் விரலிடுக்கில் அரித்தால் அது பெரும்பாலும் சொறிப்பூச்சி. எல்லோரும் ஒரேநாளில் மருந்து பூசினாலன்றி ஒழியாது. 'கௌட்' எனப்படும் மூட்டுவாதம் நள்ளிரவுக்குப்பின் கால் பெருவிரலில் பற்றி எழுவதை, அந்நோயால் தாமே வருந்திய தாமஸ் சிடனம் என்னும் மருத்துவர் 1683-இல் விவரித்திருக்கிறார். இரத்தத்திலுள்ள யூரிக் அமிலம் குளிர்ந்த மூட்டில் உப்புப்போல் உறைவது இதற்கு ஒரு காரணம். மற்றபடி, எந்த வலியாயினும் பகலில் ஆயிரம் வேலைகளுக்கிடையே மறந்திருந்தது, இரவில் வேறு வேலையின்மையால் முழுக்கவனத்தையும் பெற்றுக்கொள்கிறது. இதை மனப்பிரமை என்று இகழ்வது சரியன்று, வலி உண்மையானதே.

இனி அத்தையிடம் திரும்புவோம். மாத்திரை தொடங்கிச் சில நாட்கள் சென்றபின் ஓரிரவு தண்ணீர் குடிக்க எழுந்தோம். அத்தை சுவரில் சாய்ந்து, மடியில் தலையணையை வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தார். "ஏன் அத்தை, படுத்துக்கொள்ளக் கூடாதா?" என்றோம். "அதைத்தானேப்பா சொன்னேன், படுக்க முடியலேன்னு. படுத்தா மூச்சு முட்டுது. உட்கார்ந்தா தூக்கம் நல்லாத்தான் வருது" என்றார். 'படுக்க' என்ற சொல்லை 'உறங்க' என்று நாம் கொண்டுவிட்டோம். தமிழில் அவ்வாறு வழங்குவதும் உண்மைதானே! ஆனால் அவர் அச்சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே சொல்லியிருந்தார்.

மறுநாள் காலையில் மீண்டும் மருத்துவரிடம் சென்று, அவர் சொன்னதைச் சொன்னபடியே சொன்னோம். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அத்தையின் கணுக்காலை விரலால் அழுத்தினார். குழி விழுந்தது, நெடுநேரம் அப்படியே நின்றது. இருதயம் தளர்ந்து இரத்தத்தை முழுவதும் தள்ள மாட்டாதபோது, பகலெல்லாம் நீர் கால்களில் தேங்குகிறது. படுத்ததும் அந்நீர் இரத்தத்தில் கலந்து மார்புக்குத் திரும்புகிறது. தளர்ந்த இருதயத்தால் அதைச் சமாளிக்க இயலாமல் நுரையீரலில் கசிகிறது. படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சுத்திணறி எழுந்து, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் தணியும். இழுப்பு நோய் என்று இதை எண்ணி ஏமாறுவோர் பலர். இருதயத்தின் மின்பதிவும் ஒலியலைப் படமும் எடுத்து, நீரைப் பிரிக்கும் மருந்தோடு வேறு மருந்துகளும் தந்தார்கள். பத்து நாளில் அத்தை இரண்டு தலையணையுடன் படுத்து உறங்கினார். அதற்கு முன் உட்கார்ந்தபடி அவர் கழித்த இரவுகளின் கணக்கை நாம் இன்றும் மறக்கவில்லை.

விடியட்டும் என்று காத்திருக்கலாகாத நிலைகளும் உண்டு. முழு வாக்கியம் பேச முடியாதபடி மூச்சு வாங்குதல். உதடு நீலம் பாரித்தல். குழந்தைக்கு மூச்சிழுக்கும்போது விலாவின் இடுக்குகள் குழிதல். இளஞ்சிவப்பாகவோ நுரையாகவோ சளி வருதல். கை கால் அல்லது முகம் ஒருபக்கம் இழுத்துக்கொள்ளுதல். மார்பில் பாரமும் வியர்வையும் தோன்றினால் 'வாயு' என்று சோடாவும் ஓமத்திரவமும் குடித்துக் காலத்தைக் கழிப்பது நம்மவரிடம் உள்ள கெட்ட வழக்கம். மாரடைப்பு மிகுதியாக நேர்வது காலை 6 மணிக்கும் நண்பகலுக்கும் இடையே என்பதும், விடியலையொட்டி இரத்த அழுத்தம் ஏறுவது அதற்கொரு காரணம் என்பதும் 1980-களிலிருந்தே தெரிந்தவை. இந்நிலைகளில் 112 என்ற எண்ணை நாடெங்கும் அழைக்கலாம். பல மாநிலங்களில் 108 என்னும் எண்ணில் ஆம்புலன்ஸ் கிடைக்கும். தெருவும் கட்டட எண்ணும் வட்டார மொழியில் எழுதிய தாள் ஒன்று தொலைபேசியின் அருகிலோ கதவின் உட்புறத்திலோ இருத்தல் நலம். அவசரத்தில் நா குழறும்.

கடிகாரத்தைப் பற்றி அறிந்தவுடன் மருந்து உண்ணும் வேளையைத் தாமே மாற்றிக்கொள்ளச் சிலர் முனையலாம், அது வேண்டா. இரத்த அழுத்த மருந்தை மாலையில் உண்டால் கூடுதல் நன்மையா என்று பிரிட்டனில் இருபத்தோராயிரம் பேரைக்கொண்டு செய்த ஆராய்ச்சி 2022-இல் முடிந்தபோது, காலைக்கும் மாலைக்கும் வேறுபாடில்லை என்றே தெரிந்தது.

மருத்துவரிடம் போகுமுன் ஒருவார இரவுகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம்: எத்தனை மணிக்கு விழித்தது, படுத்திருந்தபோதா, எழுந்து உட்கார்ந்ததும் தணிந்ததா, எத்தனை தலையணை, வியர்த்ததா, காய்ச்சல் எவ்வளவு. ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்காகப் பேசுவோர், அவர்கள் சொல்லும் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவர்களையே ஒருமுறை கேட்டுக்கொண்ட பின்னர் வாய் திறப்பது நல்லது. 'நெஞ்சைக் கரிக்கிறது' என்பதும் 'நெஞ்சை அடைக்கிறது' என்பதும் ஒன்றல்ல. 'இளைப்பு', 'இழுப்பு', 'களைப்பு' மூன்றும் மூன்று. இந்தி வழங்கும் ஊர்களில் இருப்போருக்கு, நாம் அன்று சொல்லியிருக்க வேண்டிய வாக்கியத்தை இங்கே தருகிறோம்: "லேட்னே பர் ஸான்ஸ் பூல்தீ ஹை, பைட்னே பர் ஆராம் மில்தா ஹை." படுத்தால் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்தால் தணிகிறது என்பது அதன் பொருள்.